யாருடைய கை தட்டுகிறது?

ஆக்டோபேடும் லூப்பும் கிராமத்துக் கோயில் பாட்டுக்குள் நுழைந்து நாளாகிவிட்டது. ஆள் இல்லாத இடத்தை அவை நிரப்புகின்றன. இருக்கிற ஆளையும் வெளியே அனுப்பிவிடுமோ என்பதுதான் இப்போதைய கேள்வி.

கொள்ளேகாலிலிருந்து ஹனூர், ராமாபுரம் வழியாக மலை மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கௌதள்ளி. சிவராத்திரி, உகாதி, தீபாவளி நாட்களில் இந்தச் சாலை ஓய்வதில்லை. கம்சாளே என்ற வெண்கலத் தாளங்களைச் சுழற்றி அடித்தபடி, மாதேஸ்வரனின் கதையைப் பாடிக்கொண்டு பக்தர்கள் மலையேறுகிறார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒலிப்பது தமட்டே. தமிழர்கள் பறை என்றும் தப்பு என்றும் சொல்லும் தோல் கருவிக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். தாளத்துக்குப் பஞ்சமே இல்லாத பிரதேசம்.

எல்லைக்கோடு மாறி மாறி வந்த பிரதேசமும்கூட. 1956ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோதுதான் கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தை விட்டு மைசூர் மாநிலத்துக்குப் போனது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். ஆட்சி மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. மார்ட்டள்ளி போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வீட்டில் தமிழும் பள்ளியிலும் சந்தையிலும் கன்னடமும் பேசுகிறார்கள். தேவாலயத்தை அவர்கள் 'கோயில்' என்றுதான் சொல்வார்கள். திருப்பலி அவர்களுக்குப் 'பூசை'.

மற்ற தென்னிந்தியக் கிராமங்களைப் போலவே இந்தப் பக்கத்துப் பூசைப் பாட்டின் ஒலியும் கடந்த 30 ஆண்டுகளில் மாறிப்போயிற்று. ஒரு காலத்தில் ஆர்மோனியமும் டோலக்கும் இருந்த இடத்தில் இன்று கீபோர்டு. அதன் பக்கத்தில், வசதியுள்ள பங்குகளில், எட்டு ரப்பர் கட்டங்கள் கொண்ட ஆக்டோபேட். எதிரே ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் டிரம்ஸ், பேஸ் கிதார், தபலா எல்லாம் தாமாகவே வாசிக்கத் தொடங்கும். பாட்டு முடியும்வரை நிற்காது. வாசிப்பவர்களின் பேச்சில் இதற்கு 'ஸ்டைல் போடுவது' அல்லது 'லூப் ஓட்டுவது' என்று பெயர்.

இது நல்லதா கெட்டதா என்ற விவாதம் பங்குப் பேரவைகளில் நடப்பது வழக்கம். பெரியவர்கள் 'சினிமாக் கச்சேரி' என்று முகம் சுளிப்பார்கள். இளைஞர்கள் 'இதுகூட இல்லையென்றால் யார் பாட்டுக்கு வருவார்கள்' என்று கேட்பார்கள். இரு தரப்பும் சத்தத்தைப் பற்றியே பேசுகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய சட்டமோ வேறொன்றைப் பார்த்தது. ஒலி எதிலிருந்து வருகிறது என்பதைவிட, யாருடைய கை அதை எழுப்புகிறது என்பதே அதன் கவலை.

முதலில் கருவிகளைப் பற்றி. லூப் என்பது ஒரு துண்டு இசையை முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது. 1948ல் பாரிஸில் பியர் ஷெஃபர் என்ற வானொலிப் பொறியாளர், இசைத்தட்டின் பள்ளத்தை வட்டமாக மூடி ஒரே ஒலியை மீண்டும் மீண்டும் கேட்கவைத்தார். சாம்பிள் என்பது ஏதேனும் ஒரு கருவியின் உண்மையான ஒலியைப் பதிவு செய்து, வேண்டும்போது தட்டி எழுப்புவது. 1963ல் இங்கிலாந்தில் வந்த மெல்லோட்ரான் இதன் முன்னோடி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் வயலின் கோஷ்டி சுமார் எட்டு வினாடி பாடும். 1979ல் ஆஸ்திரேலியாவின் ஃபேர்லைட் இதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்தது. வெவ்வேறு கம்பெனிகளின் மின்னணுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983ல் 'மிடி' என்ற பொது மொழி பிறந்தது.

நம் ஊருக்கு இதெல்லாம் வந்து சேர்ந்த வழி ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் ஆக்டோபேட். முதல் மாடல் 1985ல் வந்தது. கட்டத்துக்கு அடியில் உள்ள உணரி குச்சியின் அடியை மின்சாரத் துடிப்பாக மாற்றுகிறது. மிடி மொழியில் அடியின் வேகத்துக்கு 127 படிகள். மெதுவாகத் தட்டினால் மெல்லிய ஒலி, ஓங்கித் தட்டினால் பெரிய ஒலி. ஒரு தபலா, ஒரு டோலக், ஒரு டிரம் செட் என்று மூன்று பேர் செய்த வேலையை மடியளவு பெட்டியை வைத்துக்கொண்டு ஒருவர் செய்துவிடலாம். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மெல்லிசைக் குழுக்கள் இதை இரு கை நீட்டி வரவேற்றதில் வியப்பில்லை. வேனில் இடம் மிச்சம், சம்பளமும் மிச்சம்.

சினிமா அதற்குள் காதுகளைத் தயார் செய்திருந்தது. 1986ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் இசையைக் கையாண்டார். 1992ல் 'ரோஜா' மூலம் ஏ.ஆர். ரஹ்மான் வந்த பிறகு, அடுக்கடுக்காகப் பதிவு செய்த தாளமே தமிழ்ப் பாட்டின் இயல்பான ஒலி என்றாகிவிட்டது. சனிக்கிழமை இரவு கச்சேரி மேடையில் பேட் வாசித்தவர்தான் ஞாயிற்றுக்கிழமை காலை பாடற்குழுவிலும் உட்கார்ந்தார். அவர் கொண்டுவந்தது அவருக்குத் தெரிந்த வாசிப்பு.

கத்தோலிக்கர்களுக்கு முன்பே இந்தப் பாதையில் வெகுதூரம் போனவர்கள் பெந்தெகொஸ்தே, சுயாதீன சபையினர். ஆராதனையில் இசைக்கு அவர்களிடம் வாடிகன் சட்டம் எதுவும் இல்லை. சிட்னியின் ஹில்சாங் போன்ற சபைகளின் பாணி கேசட்டிலும் சிடியிலும் பிறகு யூடியூபிலும் பரவியது. 2001ல் ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருள் வந்தபின் மேடையில் லேப்டாப்பும் ஒரு வாத்தியமாயிற்று. சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களின் பெரிய சபைகளில் இன்று வழக்கம் இதுதான்: வாசிப்பவர்கள் காதில் ஒரு சிறு ஒலிப்பான். அதில் 'டிக் டிக்' என்று கடிகாரம்போல் ஒரு தாள ஒலி. அடுத்து சரணமா பல்லவியா என்று சொல்லிக்கொடுக்கும் பதிவுக் குரல். மேடையில் ஐந்து பேர் வாசிக்கிறார்கள், சபையின் காதில் 15 பேர் வாசிப்பது கேட்கிறது. மீதிப் பத்துப் பேர் லேப்டாப்புக்குள் இருக்கிறார்கள்.

கிராமத்தில் இந்த ஏற்பாட்டுக்குப் பணம் இல்லை. ஆனால் தேவை நகரத்தைவிட அதிகம். நகரத்துச் சபை லூப்பைப் பிரமாண்டத்துக்காக வைத்துக்கொள்கிறது. கௌதள்ளிப் பக்கத்தில் அது ஆள் பற்றாக்குறைக்கு மருந்து. மானாவாரி நிலமும் காட்டோர வேலையும் சோறு போடாதபோது இளைஞர்கள் வெளியூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். கிதார் பழகிய பையன் பெங்களூரில். டோலக் வாசித்தவர் எங்கோ கட்டட வேலையில். ஊரில் தங்கியது பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணும் ஒரு கீபோர்டும் என்றால், அவள் இடது கையால் ஸ்வரக்கூட்டை அழுத்தி, வலது கையால் ராகத்தை வாசித்து, தாளத்தை இயந்திரத்திடம் விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. இப்படிப்பட்ட பாடற்குழுக்களுக்கு லூப் ஆடம்பரமல்ல, பிழைத்திருக்கும் வழி. விமர்சகர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இனி சட்டம். 1903ல் போப் பத்தாம் பியஸ் தேவாலய இசையைச் சீர்திருத்தி ஆணை வெளியிட்டபோது மின்னணுக் கருவிகள் பிறக்கவே இல்லை. அவர் தடை செய்தது பியானோவையும் டிரம், தாளம் போன்ற ஓசைமிக்க கருவிகளையும். 1958 செப்டம்பரில் வாடிகன் இன்னொரு அறிவுரையை வெளியிட்டது. மின்னணு ஆர்கனைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளலாம், அதுவும் குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லை என்றால், ஆயரின் அனுமதியோடு. ஆனால் தானியங்கிக் கருவி, இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா இவற்றை வழிபாட்டில் பயன்படுத்தவே கூடாது. காரணத்தையும் அது சொன்னது: கலைஞன் தன் கையால் நேரடியாக வாசிக்கும் கருவிக்கே திருவழிபாட்டில் இடம், தானாக இயங்குவதற்கு இல்லை.

இரண்டாம் வாடிகன் சங்கம் ஜன்னல்களைத் திறந்தது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டு ஏடு, குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பைக் கொடுத்தபடியே, அந்தந்த நாட்டு அதிகாரிகள் ஏற்கும் பிற கருவிகளுக்கும் இடம் கொடுத்தது. மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபை மதிக்கச் சொன்னது. 1967ல் வந்த 'மூசிக்காம் சாக்ராம்' என்ற அறிவுரை இரண்டு நடைமுறை விதிகளைச் சேர்த்தது. பாட்டின் சொற்கள் கேட்காதபடி கருவிகள் குரலை மூழ்கடிக்கக் கூடாது. குருவானவர் தனக்குரிய பகுதியை உரக்கச் சொல்லும்போது கருவிகள் மௌனமாக இருக்க வேண்டும். 1973ல் சிறுவர்களுக்கான திருப்பலி வழிமுறை, ஆயர் பேரவைகளின் விதிகளுக்கு உட்பட்டு, பதிவு செய்த இசைக்கு ஒரு சிறு கதவைத் திறந்தது. 2007ல் அமெரிக்க ஆயர்கள் பொதுவிதியாகப் பதிவிசை வேண்டாம் என்றார்கள். வெளியே நடக்கும் ஊர்வலத்துக்கும், கவனத்தோடு சிறுவர் பூசைக்கும் மட்டும் விலக்கு. கூடியிருக்கும் மக்களின் உயிருள்ள பங்கேற்பு பதிவில் கிடையாது என்பதே அவர்களுடைய வாதம்.

அப்படியானால் ஆக்டோபேட் எந்தப் பக்கம்? 1958ல் யாரும் இப்படி ஒரு பெட்டியைக் கற்பனை செய்திருக்க முடியாது. அது பதிவு செய்த ஒலிதான். ஆனால் அதை எழுப்புவது கை. கை நின்றால் ஒலி நிற்கும். கை தாமதித்தால் ஒலியும் தாமதிக்கும். ஆர்கன் வாசிப்பவர் கட்டையை அழுத்துவதற்கும் இதற்கும் தத்துவத்தில் பெரிய வித்தியாசமில்லை. லூப்போ ஒரு முறை தொட்டுவிட்டால் பிறகு கையைத் தேடாது. ஒரே பெட்டிக்குள் இரண்டு சாதியும் குடியிருக்கின்றன. 2010ல் வந்த ஆக்டோபேட் மாடலில் வாசித்ததைப் பதிவு செய்து, அதை லூப்பாக ஓடவிட்டு, அதன்மேல் மீண்டும் வாசிக்கும் வசதியே இருக்கிறது.

இந்த வித்தியாசம் காகிதத்தில் மட்டும் இல்லை. பாடும் மக்களின் தொண்டையில் அது தெரியும். ஒரு சிறு கணக்கு போதும். நிமிடத்துக்கு 96 அடி என்ற வேகத்தில், நான்கு அடித் தாளத்தில், நான்கு சுற்று கொண்ட லூப் சரியாகப் பத்து வினாடி ஓடும். மக்கள் அந்த லூப்பைக் கேட்காமல் தங்கள் போக்கில் பாடினால், கூட்டத்தின் இயல்பான வேகம் 93ஆக இருக்கலாம். காதுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் அவர்களுக்கு அதே 16 அடிக்கு 10.32 வினாடி ஆகும். லூப் பத்து முறை ஓடி முடிக்கும்போது மக்கள் மூன்று வினாடிக்கு மேல் பின்தங்கியிருப்பார்கள். ஏறக்குறைய ஐந்து அடி. டோலக் வாசிப்பவராக இருந்தால் முதல் வரியிலேயே வேகத்தைக் குறைத்திருப்பார், அப்படிக் குறைத்தது அவருக்கே தெரிந்திருக்காது. இயந்திரத்துக்கு அந்தப் பண்பு இல்லை. எனவே மக்கள்தான் அதைத் துரத்த வேண்டும். மூச்சு வாங்கும் பாட்டியம்மா வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிடுவார். நாலு வாரத்தில் பாட்டையே விட்டுவிடுவார்.

கட்டடமும் சதி செய்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். பீடத்தருகே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்கும் கடைசி வரிசைக்குத் தாளம் போய்ச் சேர 87 மில்லிவினாடி ஆகும். கடைசி வரிசையின் கைத்தட்டல் முன்னே திரும்பி வர இன்னொரு 87. மொத்தத்தில் ஒரு அடியின் கால் பங்குக்கு மேல் தாமதம். போதாததற்கு உயரமான கூரையும் வெறும் சுவரும் எதிரொலியை வளர்க்கின்றன. வேகமான சினிமா லூப்பின் 'சிக் சிக்' அங்கே கூழாகிவிடும். இதனால்தான் யூடியூபில் கேட்டபோது உள்ளத்தைத் தொட்ட அதே பாட்டு கோயிலில் இரைச்சலாகக் கேட்கிறது. ஸ்டுடியோவில் பிறந்த தாளம், கல் கட்டடத்தில் நடக்கத் தெரியாமல் தடுமாறுகிறது.

இதைவிட ஆழமான சங்கடம் ஒன்று உண்டு. பெட்டிக்குள் எந்தத் தாளம் இருக்கிறது? தயாரிப்பாளர்கள் இந்தியச் சந்தையை மறக்கவில்லை. யமஹா இந்தியாவுக்கென்றே பிஎஸ்ஆர்-ஐ வரிசைக் கீபோர்டுகளைக் கொண்டுவந்தது. ரோலண்டின் எக்ஸ்பிஎஸ்-10ல் இந்திய ஒலிகள் நிறைய உண்டு. ஆனாலும் பெட்டிக்குள் முதலில் கிடைப்பது கஹர்வா, தாத்ரா, பாங்ரா போன்ற வடக்கத்தித் தாளங்கள்தான். கம்சாளேயின் வெண்கல வீச்சையோ தமட்டேயின் நடையையோ தொழிற்சாலையில் போட்டு அனுப்புவதில்லை. மாதேஸ்வரன் மலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தெருவில் கேட்கும் தாளத்தை விட்டுவிட்டு, டில்லிக் கல்யாணத் தாளத்தில் காணிக்கைப் பாட்டுப் பாடுகிறது.

இதற்கு மாற்று வழியை இளைஞர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். பறை, உறுமி, பம்பை, தவில் ஒலிகளைப் பதிவு செய்து பேடில் ஏற்றிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட ஒலித்தொகுப்புகள் தமிழ்நாட்டில் விற்பனைக்கே கிடைக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் இது வெற்றி. மண்ணின் ஒலி கோயிலுக்குள் வந்துவிட்டது. ஆனால் வாசலில் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பறையின் ஒலி உள்ளே வந்தது. பறையடிப்பவர் உள்ளே வந்தாரா?

தமிழ்த் திருச்சபைகளின் வரலாற்றில் இது சாதாரணக் கேள்வியல்ல. சாவு வீட்டோடும் சாதியோடும் முடிச்சுப் போடப்பட்ட பறை, நெடுங்காலம் தேவாலயத்துக்கு வெளியேதான் நிறுத்தப்பட்டிருந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) காலத்திலிருந்து கீர்த்தனை மரபு கர்நாடக ராகங்களைப் பீடத்தருகே கொண்டுவந்தது. மிஷனரிகள் ஐரோப்பியக் கீதங்களைக் கொண்டுவந்தார்கள். கிராமத்து இசைக்கு இடம் கிடைக்கப் போராட வேண்டியிருந்தது. 'பறட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்ட ஜே. தியோஃபிலஸ் அப்பாவு, மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்தபடி முழு வழிபாட்டையே கிராமிய இசையில் அமைத்தார். 2005ல் அவர் மறைந்தார். கிராமியப் பாட்டு இயற்றியவனுக்குச் சொந்தமில்லை, பாடுகிற எவரும் அதை மாற்றிக்கொள்ளலாம், அதில்தான் அதன் விடுதலை இருக்கிறது என்பது அவருடைய இறையியலின் மையம். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் 2014ல் அவரைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். கத்தோலிக்கர் தரப்பில் 1977ல் திருச்சியில் தொடங்கப்பட்ட கலைக்காவிரி, நம் நாட்டு இசையையும் நடனத்தையும் நற்செய்திப் பணிக்குக் கொண்டுவந்தது.

அப்பாவுவின் அளவுகோலை வைத்து அளந்தால் லூப்பின் குறை பளிச்சென்று தெரிகிறது. அதை யாரும் மாற்ற முடியாது. பாடுகிற பெண்கள் உணர்ச்சிவசப்பட்டு ஒரு வரியை மூன்றாம் முறை பாட நினைத்தால் லூப் அடுத்த பகுதிக்குத் தாவிவிடும். ஆனால் சாம்பிளில் ஒரு வாய்ப்பும் தெரிகிறது. ஊர்த் தமட்டேக் கலைஞரை அழைத்து, உட்காரவைத்து, அவர் அடியைப் பதிவு செய்து, அதற்கு உரிய சம்பளத்தையும் கொடுத்து, திருவிழாவன்று அவரையே பேடுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தால் கதை வேறு. யந்திரம் அப்போது அவருக்குத் துணை. அவரைப் பதிவு செய்தபின் அழைக்காமல் விட்டால் அதே யந்திரம் அவருக்கு மாற்று. தொழில்நுட்பம் இரண்டிலும் ஒன்றுதான்.

புதிய கருவி ஒவ்வொன்றும் முதலில் அடி வாங்கியே உள்ளே வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இன்று பக்தி இசையின் அடையாளமாகிவிட்ட ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940ல் தடை செய்தது. அந்தத் தடையைத் தளர்த்த 1971 வரை ஆயிற்று. கமகத்துக்கு அது லாயக்கில்லை என்பது அன்றைய குற்றச்சாட்டு. பெங்களூரின் ரேடல் நிறுவனம் மின்னணுத் தம்புராவைக் கொண்டுவந்தபோதும் சுத்தவாதிகள் தயங்கினார்கள். இன்று அந்தச் சின்னப் பெட்டி இல்லாத கர்நாடகக் கச்சேரி மேடை அபூர்வம். தம்புராவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வர ஆள் இல்லை என்ற எளிய காரணம் தத்துவத்தை வென்றது.

ஆனால் அந்த ஒப்புமைக்கு ஒரு எல்லை உண்டு. சுருதிப் பெட்டி தானாகவே ஓடுகிறது. என்றாலும் அது யாரையும் அவசரப்படுத்துவதில்லை. பாடகர் மெதுவாகப் பாடினாலும் வேகமாகப் பாடினாலும் அது தன் பாட்டுக்கு இழைந்துகொண்டிருக்கும். காலத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளாததால்தான் அதோடு சண்டை வரவில்லை. கோயில் இசையிலும் இதே பாடம் செல்லுபடியாகும். நீளமாக இழையும் ஸ்வரக்கூட்டு ஒலியைப் பின்னணியில் வைத்தால் மக்கள் அதன்மேல் சுதந்திரமாகப் பாடலாம். பெந்தெகொஸ்தே சபைகளில் ஜெபத்துக்கு அடியில் அது தொடர்ந்து ஓடுவது வழக்கம். கத்தோலிக்கப் பூசையில் மட்டும் குருவானவர் நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது அதையும் நிறுத்தியாக வேண்டும். மௌனமும் அங்கே வழிபாட்டின் பகுதி.

அனுபவப்பட்ட வாசிப்பாளர்கள் இந்த இழுபறியில் நடைமுறை வழிகள் சிலவற்றைக் கண்டிருக்கிறார்கள். முதலாவது, மக்கள் பாடும் பாட்டுக்கு லூப் வேண்டாம், ஒற்றை அடிகள் போதும். தாளத்தை ஒரு மனிதக் கை தட்டட்டும், மணி ஒலியோ சங்கொலியோ தேவையான இடத்தில் மட்டும் சாம்பிளாக வரட்டும். இரண்டாவது, லூப் தவிர்க்க முடியாது என்றால் வேகத்தை முந்தின நாளே நிச்சயிக்காமல், மக்களை முதல் வரி பாடவைத்து, அந்த வேகத்தைக் கருவியின் 'டேப்' பொத்தானில் நாலு முறை தட்டிப் பதிவு செய்வது. அப்போது இயந்திரம் மக்களின் நடையிலிருந்து புறப்படும். மூன்றாவது, லூப்பை நிறுத்தும் கால்மிதி எப்போதும் காலடியில் இருப்பது. நான்காவது, பாடற்குழு தனியாகப் பாடும் பாட்டுக்கும் மக்கள் சேர்ந்து பாடும் பாட்டுக்கும் வேறு வேறு அளவுகோல் வைப்பது. நற்கருணைக்குப் பின் குழு மட்டும் பாடும் தியானப் பாட்டில் லூப் பெரிய தீங்கு செய்யாது. மக்களின் பதிலுரைப் பாடலிலோ அது இடைஞ்சல்.

சட்டச் சிக்கலும் ஒன்று எட்டிப் பார்க்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, உண்மையான சமயச் சடங்கின்போது இசையையோ ஒலிப்பதிவையோ பயன்படுத்துவதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. எனவே பூசையில் யாருடைய லூப் ஓடினாலும் வழக்கு வராது. ஆனால் 2020 ஊரடங்குக்குப் பிறகு பல பங்குகள் பூசையை யூடியூபில் நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கிவிட்டன. யூடியூபின் கணினிக்கு நம் சட்டத்தின் விலக்கு தெரியாது. விலைக்கு வாங்கிய லூப்பும் வேறொருவரின் பாட்டில் இருந்தால், உரிமைக் கோரிக்கை வந்து ஒலி வெட்டப்படலாம். சொந்த ஊர்க் கலைஞரைப் பதிவு செய்து வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. நியாயமும் வசதியும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். இங்கே நிற்கிறது.

பெரிய வியாழன் இரவு இந்த விவாதத்துக்கு ஆண்டுதோறும் ஒரு சோதனை நடக்கிறது. அன்று வானவர் கீதம் பாடி முடிந்ததும் கோயில் மணிகள் அடங்கிவிடுகின்றன. பாஸ்கா இரவில் மீண்டும் அதே கீதம் வரும்வரை மணி இல்லை. அதுவரை கருவிகள் பாட்டைத் தாங்கிப் பிடிக்க மட்டுமே அனுமதி. பல பங்குகள் அதையும் ஒதுக்கிவிட்டு மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுகின்றன. பெரிய வெள்ளியன்று வியாகுலப் புலம்பலைப் பெண்கள் ஒப்பாரி மெட்டில் இழுத்து இழுத்துப் பாடும் வழக்கம் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் பழையது. அந்தப் பாட்டுக்கு எந்த லூப்பும் பொருந்தாது. அதன் அடி அழுகையின் மூச்சில் இருக்கிறது.

அந்த இரண்டு நாளும் பேடின் மேல் துணி போர்த்தியிருக்கும். கடைசி வரிசையிலிருந்து பாட்டு எழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது பங்குக் குருக்களுக்கும் பாடற்குழுவுக்கும் பயன் தரும். எழுந்தால் ஞாயிற்றுக்கிழமை துணியை எடுப்பதில் பயமில்லை. எழவில்லை என்றால் பாட வேண்டிய வேலையையும் இத்தனை நாளாக இயந்திரமே செய்து வந்திருக்கிறது என்று பொருள்.